தாயத்தைக் கழித்த நிறை

மூன்றாம் வருடத்தில் எந்தப் பாடத்தைச் சிறப்பாகப் படிக்க விரும்புகிறோம் என்று கேட்பதற்காக எங்களைத் துறைக்கு அழைத்திருந்தார்கள். ஒரு நீள மேசை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று விரிவுரையாளர்கள், எல்லாருக்கும் ஒரே கேள்வி: "ஏன் புள்ளிவிபரவியல்?" எனக்கு முன்னால் போன பையன், சின்ன வயதிலிருந்தே எண்கள்தான் தன் விளையாட்டுத் தோழர்கள் என்று சொன்னானாம். அவனுக்கு முன்னால் போனவள், கிரிக்கெட் பார்த்துக்கொண்டே சராசரி கற்றுக்கொடுத்த அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாளாம். இரண்டு பேரும் வெளியே வந்து சிரிக்கச் சிரிக்க எங்களுக்குச் சொன்னார்கள். நான் உள்ளே போய், "வேலை கிடைக்கும்" என்றேன்.

மூவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். தோட்டத்துப் பிள்ளை வேறென்ன சொல்லும் என்பது போலிருந்தது அது. பொய் சொன்னதை விட, அந்தப் பொய் எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திவிட்டதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. முகம் சுட, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மையைச் சொல்வதென்றால் ஒரு தாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என் அம்மாவின் மானம் போகும் என்று அன்றைக்கு நினைத்தேன். யாருடைய மானம் என்பதில் எனக்கிருந்த தெளிவு பிறகுதான் கலைந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலையகத்தில் அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கிறது. அம்மா மலையில் கொழுந்து எடுப்பார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தங்கச்சி பிறந்தாள். வீட்டில் ஒரு குமரி இருக்க அம்மா வயிற்றோடு மலையேறியதை, லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளின் பெண்கள் லேசில் விடவில்லை. "தாயும் மகளும் ஒன்னாத் தொட்டில் கட்டுவீங்களோ?" என்று கேட்டார்கள். அம்மா சிரித்துச் சமாளித்தார். நான் சிரிக்கவில்லை. தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கடைப் பக்கம் போனால், தெரியாதவர்கள் என்னைத்தான் தாய் என்று நினைப்பார்கள். அதற்காகவே அவளை இடுப்பில் வைக்காமல், யாரோ கொடுத்த சாமான் போலக் கையில் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடப்பேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. என் மூக்கைப் பிடித்துப் பிடித்துச் சிரிப்பாள்.

அவள் மெலிந்த பிள்ளை. எங்கள் லயத்தில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் மெலிவுதான். ஆனால் அது மாதத்துக்கு ஒரு தடவைதான் வெளியே தெரியும். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்கு, மாதம் ஒருமுறை மிட்வைஃப் வந்து பிள்ளைகளை நிறுப்பார். கூரை வளையில் ஒரு வட்டத் தராசைக் கட்டி, அதன் கொக்கியில் காற்சட்டை மாதிரி ஒரு பையை மாட்டி, அதற்குள் பிள்ளையின் கால்களை விட்டுத் தொங்கவிடுவார்கள். முள் நின்றதும் அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு பச்சைப் பகுதியில் இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்குக் கீழே இறங்கினால் கதவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கே நிற்பவர்களுக்குச் சத்துமாப் பைக்கற்றும், கீரை கொடுங்கள், முட்டை கொடுங்கள் என்ற புத்திமதியும் கிடைக்கும்.

சத்துமா நல்ல மா. சீனி போட்டு உருட்டினால் நானும் தின்பேன், அப்பாவும் தின்பார். அதுவும் வெட்கம்தான். ஆனால் பைப்புக்குப் பக்கத்தில் நிற்பது அதைவிடப் பெரிய வெட்கம். மலையிலிருந்து, இடுப்பில் சுற்றிய படங்கைக்கூட அவிழ்க்காமல் இறங்கி வந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் கொழுந்து எடுக்கும்போது பேச்சு வரும். "புள்ளைக்குக் குடுக்காம நீயே தின்னுப்புடுறியாடீ?" என்று விளையாட்டாகக் கேட்பார்கள். விளையாட்டுக்குச் சொன்னது என்று தெரிந்தாலும் அம்மா அன்றைக்கு வீட்டில் யாரோடும் பேச மாட்டார்.

இனி நான் சொல்லப்போவது, தோட்டத்தில் கொழுந்து நிறுத்துப் பழகியவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நினைப்பு. எங்கள் பெண்களுக்குத் தராசு என்றாலே கழிக்கிற சாமான். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்குக் கழிப்பார்கள். தண்ணீருக்குக் கழிப்பார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் தண்ணீருக்குக் கழிப்பார்கள். முள் ஆடி நிற்பதற்கு முன்பே சாக்கை இறக்கிவிட்டு ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆகவே கூடையில் கொஞ்சம் முற்றின இலையையும் போட்டுவைப்பது எங்களுக்குக் களவாகத் தோன்றியதில்லை. அவர்கள் கழிப்பதை நாம் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறோம், கணக்கு நேராகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு குளிர் மாதம், கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு பிள்ளையை நிறுத்துவிட்டு மிட்வைஃப், "உடுப்புக்குக் கொஞ்சம் கழிக்கணும்" என்றார். அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். சொன்னது நியாயமான பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது, "மிஸ்ஸியும் கழிக்கிறாங்களாம்" என்று ஆகியிருந்தது. போதாதா? அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு நிறுவைக்கு முன்னால் வயிறு முட்டக் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்தார்கள். வெள்ளிக் கொலுசும் அரைஞாணும் பெட்டியை விட்டு வெளியே வந்தன. அதற்கடுத்த மாதம் யார் தொடங்கினார்களோ தெரியாது, பிள்ளைகளின் இடுப்பில் தாயத்துகள் முளைத்தன.

தாயத்து நல்ல யோசனை. மிட்வைஃப் சட்டையைக் கழற்றச் சொல்வார். தாயத்தைத் தொட மாட்டார். அவர் கையிலேயே விகாரையில் ஓதிக் கட்டிய பிரித் நூல் இருந்தது. சாமி விஷயத்தில் அவர் எங்களை மதித்தார். எங்கள் பெண்கள் அந்த மதிப்பைத் தராசில் வைத்தார்கள்.

அம்மா ஒரு துண்டுத் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்துச் சிறு பையாகத் தைத்தார். அப்பா ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பழைய இரும்பு நட்டுகள் அடுப்படியில் ஒரு தகரத்தில் கிடந்தன. அதில் இரண்டை எடுத்துப் பைக்குள் போட்டு வாயைத் தைத்தார். தங்கச்சியின் இடுப்பில் கட்டியபோது அது அவள் வயிற்றில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. கட்டி முடிக்கட்டும் என்று பிள்ளையின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முள் நன்றாக ஏறியது. மிட்வைஃப்புக்கு உண்மையாகவே சந்தோசம். "பபா ஹொந்தட்ட வெடிலா!" பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று தங்கச்சியின் கன்னத்தைத் தட்டினார். அம்மா அன்றைக்குப் பைப்புப் பக்கம் போகவில்லை. பச்சைக்காரர்களோடு படியிறங்கி வந்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. தங்கச்சியை முதல் தடவையாக இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

சத்துமா நின்றுபோனது. நன்றாக வளரும் பிள்ளைக்கு அது எதற்கு? எங்களுக்கு மட்டுமல்ல, தாயத்துக் கட்டிய அத்தனை வீட்டுக்கும் நின்றுபோனது. பைப்புப் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, எங்கள் டிவிசன் முன்னேறிவிட்டதாக ஒரு கூட்டத்தில் பாராட்டிக்கூடப் பேசினார்கள். கைதட்டியவர்களில் நாங்களும் இருந்தோம்.

பொய்க்கு ஒரு தொல்லை, அதையும் வளர்க்க வேண்டும். கோடு ஒரு தடவை மேலே போய்விட்டால் அடுத்த மாதமும் மேலேதான் போக வேண்டும். தங்கச்சி வளரவில்லை, தாயத்து வளர்ந்தது. அம்மா ஒவ்வொரு மாதமும் தையலைப் பிரித்து ஒரு நட்டைச் சேர்த்துத் தைப்பார். மஞ்சள் பை அவள் கைமுட்டியை விடப் பெரிதாகிவிட்டது. நிறுவை நாள் தவிர மற்ற நாட்களில் அது அரிசிப் பானைக்குள் கிடக்கும்.

மழைக்காலம் தொடங்கியபோது தங்கச்சிக்கு வயிற்றோட்டம் வந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒரு காலையில் அம்மாவும் நானும் அவளைத் த்ரீவீலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளுடைய நிறை அட்டையை நான் எடுத்துக்கொண்டேன். பையை எடுப்போமா வேண்டாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தார். அங்கே எப்படி நிறுப்பார்களோ என்ற பயம்தான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வெறும் மேலோடு படுக்கவைத்து நிறுத்தார்கள். டாக்டர் இளம் வயதுக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியும். டவுன் கடைகளிலும் டிவி நாடகங்களிலும் பொறுக்கிய சிங்களம். ஆகவே நான் நடுவில் நின்றேன். அவர் நிறையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிள்ளையைத் திரும்பவும் நிறுக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "போன மாதம் இவ்வளவு இருந்த பிள்ளை எப்படி இப்படிக் குறைந்தது? வயிற்றோட்டத்தால் மட்டும் இவ்வளவு குறையாது" என்றார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தரையைப் பார்த்தார்.

"வேறு பெரிய நோய் வருத்தம் இருக்கலாம். நிறைய இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்டிக்கு அனுப்ப வேண்டி வரும்." அவர் குரலில் அவசரம் ஏறியிருந்தது. தாதி வந்து தங்கச்சியின் கையில் நரம்பு தேடினார். அந்தக் கையில் நரம்பு எங்கே இருக்கப்போகிறது? ஒரு கையில் குத்தினார், கிடைக்கவில்லை. மற்றக் கையைப் பிடித்தார். தங்கச்சிக்கு அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

எனக்கு எல்லாம் தெரியும். சொல்லும் பாஷையும் என் வாயில்தான் இருந்தது. ஆனால் அந்த வார்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

அம்மாதான் சட்டைக்குள் கையை விட்டார். மஞ்சள் பையை எடுத்து மேசையில், அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். இரும்புச் சத்தம் கேட்டது. "இதையும் சேத்துத்தாங்க ஐயா நிறுத்தோம்" என்றார். அதை நான் சிங்களத்தில் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தாதி தையலைப் பிரித்துப் பார்த்தார். நட்டுகள் மேசையில் உருண்டன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், வேண்டுமென்று சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன என்று கேட்டார்கள், யாரோ சொன்னார்கள், சிரிப்பு கட்டில் கட்டிலாகப் போனது. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவரும் அங்கே இருந்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். நான் அம்மாவுக்குப் பக்கத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றேன். சும்மா தள்ளி நின்றதாகத்தான் அப்போது நினைத்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. நட்டுகளை வாரித் தராசில் போட்டார். எந்த மாதம் எத்தனை போட்டீர்கள் என்று கேட்டார். முதலில் இரண்டு, பிறகு ஒவ்வொன்றாக என்று அம்மா சொன்னதை நான் சொல்ல, அவர் பென்சிலால் பழைய புள்ளிகளுக்குக் கீழே புதுப் புள்ளிகள் வைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மாதத்திலிருந்தும் இரும்பைக் கழித்தார். கடைசியில் புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு இழுத்தார்.

அந்தக் கோட்டை நான் மறக்கவில்லை. அதில் திடீர் வீழ்ச்சி எதுவும் இல்லை. பிள்ளைக்குப் புதிதாக எந்தப் பெரிய வருத்தமும் வரவில்லை. பச்சைக்கு வெகு கீழே, மாதா மாதம், அவள் அதே இடத்தில் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்திருக்கிறாள். எங்கள் கண்ணுக்கு முன்னால், நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது. "இது பசி" என்றார் டாக்டர். அந்தச் சொல்லுக்கு எனக்குச் சிங்களம் தெரிந்திருந்தது. அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லத்தான் என்னால் முடியவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

இரத்தம் எடுப்பதை விட்டுவிடும்படி தாதியிடம் சொல்லிவிட்டு அவர் இன்னொன்று கேட்டார். "உங்கள் தோட்டத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கட்டுகிறார்களா?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "இல்லீங்க ஐயா. எங்க புள்ளைக்கு மட்டுந்தான்" என்றார்.

நான் அதை ஒரு சொல் குறையாமல், ஒரு சொல் கூடாமல் சிங்களத்தில் சொன்னேன். அன்றைக்கு நான் தடுமாறாமல் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். லயத்தைக் காட்டிக்கொடுக்காத அம்மாவை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தங்கச்சி தேறினாள். சத்துமா திரும்பக் கிடைத்தது. அடுத்த நிறுவை நாளில் மிட்வைஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கள் பிள்ளையை மட்டும் முழுக்க அவிழ்த்துப் பார்த்தார். அவர் எங்களை மதித்தது வீணாய்ப் போனதில் அவருக்கும் வருத்தம் இருந்திருக்கும். மற்றப் பிள்ளைகள் தாயத்தோடேயே தராசில் தொங்கினார்கள். அவர்கள் எல்லாரும் பச்சை. பைப்புப் பக்கத்தில் அம்மா தன்னந்தனியாக நின்றார். ஆஸ்பத்திரிக் கதை அதற்குள் மலை முழுக்கப் பரவியிருந்தது. அம்மாவுக்கு "நட்டுக்காரி" என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்களின் பிள்ளைகள் இடுப்பிலும் நட்டு இருந்தது. வயிறெரிய நான் ஒருநாள், "அவங்க புள்ளைங்க தாயத்தப் பிரிச்சுக் காட்டவா?" என்று கத்தினேன். அம்மா, "சும்மா இரு" என்றார். நான் உடனே சும்மா இருந்துவிட்டேன். கத்துவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு மேல் எதையும் செய்வதாக நான் நினைத்திருக்கவில்லை.

மிட்வைஃப் மாற்றலாகிப் போய், வேறொருவர் வந்து, எல்லாப் பிள்ளைகளையும் தாயத்தை அவிழ்த்து நிறுக்கத் தொடங்கும் வரைக்கும் அப்படியே நடந்தது.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் ஒரு விரிவுரையில் அளவீட்டுப் பிழைகளைப் பற்றிச் சொன்னார்கள். பிழைகள் இரண்டு பக்கமும் சிதறியிருந்தால், நிறைய அளவீடுகள் எடுக்க எடுக்க ஒன்றையொன்று தின்றுவிடும். எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், எத்தனை ஆயிரம் பேரை நிறுத்தாலும் அது போகாது. ஏன் சாய்ந்தது என்று யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. விரிவுரையாளர் உதாரணத்துக்கு ஒரு தொழிற்சாலைத் தராசைப் படம் போட்டார். எனக்குக் காது சுட்டது. பக்கத்திலிருந்தவள், "காய்ச்சலா?" என்று கேட்டாள். அந்த வாரமே சிறப்புப் பாடத்தைத் தீர்மானித்துவிட்டேன். பிள்ளைகளின் நிறையை வைத்து நாளைக்கு யாராவது ஒரு முடிவெடுக்கும்போது, அந்த மேசைக்குப் பக்கத்தில் இடுப்பில் என்ன கட்டியிருந்தது என்று கேட்கத் தெரிந்த ஒருத்தி நிற்க வேண்டும் என்று தோன்றியது. பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. தள்ளி நின்ற அந்த இரண்டடியைத் திரும்ப நடக்கிற ஆசைதான்.

போன விடுமுறையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் வகுப்பில் வரிசைக்கு முதல் ஆள். காலைக் கூட்டத்தில் குட்டையானவர்கள் முன்னால் வர, உயரப்படி நிற்கவைக்கிறார்கள். எங்கள் லயத்துப் பிள்ளைகளில் அவள் வயதுக்காரர்கள் எல்லாரும் அவளோடு முன்னால்தான் நிற்கிறார்கள்.

"அது என்னா படிப்பு?" என்றார் அம்மா.

வேலை கிடைக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "நெறையப் பேர நிறுத்து, அளந்து, அதுல எது உண்மை, எது பொய்னு கண்டுபுடிக்கிறதும்மா" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. அரிசியில் கல் ஏதோ கண்டவர் போலச் சுளகையே பார்த்தார். நான் பயந்தேன். அம்மாவைக் குத்திக்காட்டத்தான் இந்தப் படிப்பைப் படிக்கிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்று பயந்தேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று, "அன்னிக்கு நீங்க மத்தவங்கள காட்டிக் குடுக்கலதானேம்மா. அது எனக்குப் பெருமதான்" என்றேன்.

"என் வாயால எப்படிடீ சொல்லுவேன்? நாளைக்கு அவளுக கூடத்தானே மலைக்குப் போகணும்" என்றார் அம்மா. சுளகை ஒரு தடவை தட்டினார். என் முகத்தைப் பார்க்காமல், கோபமில்லாமல், பழைய விஷயம் ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்:

"நீ சிங்களத்துல மாத்திச் சொல்லுவன்னு நெனச்சேன்."